சப்போட்டா

பூங்காவில் போகிற வருகிற யாரையாவது அழுது நிறுத்திவிட்டால் வேடம் உனக்குத்தான் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். மேடையில்லாத நாடகம், பார்க்க வருகிறவர்களுக்கு நடுவிலேயே நடிக்க வேண்டும். ஜெசிந்தா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நடைப்பயிற்சிக்காரர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் மட்டும் நின்றாள்.

“ஏம்மா, என்னாச்சு?”

“என் புள்ள தவறிட்டான்க்கா.” சட்டென்று வாயில் வந்தது அதுதான்.

அம்மாள் பையைப் போட்டாள். உருண்ட தக்காளிகளைப் பொறுக்காமல், ஜெசிந்தாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஓசையே இல்லாமல் அழுதாள்.

புதருக்குப் பின்னாலிருந்து இயக்குநரும் மற்றவர்களும் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். “அக்கா, இது நடிப்பு. நாடகத்துக்கு ஆள் எடுக்கிறோம்.”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப புள்ள நல்லாத்தான இருக்கான்?”

பிள்ளையே இல்லாத ஜெசிந்தா தலையாட்டினாள்.

அம்மாள் பைக்குள் துழாவி ஒரு சப்போட்டாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். “கொட்டைய எடுத்துட்டுக் குடும்மா. சின்னப் புள்ளைக்குத் தொண்டையில மாட்டிக்கும். எனக்கு அன்னைக்கு அது தெரியல.”

பிள்ளை சின்னவன் என்று ஜெசிந்தா சொல்லவே இல்லை.