பாண் போட ஆள் தேவை

“ரெண்டு பேரும் பாத்ரூமுக்குள்ளை போய் இருங்கோ. நான் வந்து கதவு திறக்குமட்டும் ஒரு சத்தமும் வரக்கூடாது, விளங்கினதோ?”

கோசலா சின்னவர்கள் இருவரையும் உள்ளே தள்ளி, கணவனின் போனில் கார்ட்டூனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அரபு நாட்டில், மங்காஃபில் அவர்கள் இருந்த ஒற்றை அறை வீட்டில் ஒளிக்க வேறு இடம் ஏது?

“பாவமப்பா, உள்ளுக்கை வேர்த்துக் கொட்டும்,” என்றான் பிரவீணன்.

“பாவம் பாத்தா சரிவராது. மூண்டு பிள்ளையள் எண்டு உண்மையைச் சொல்லி இந்த ஊரிலை எங்கையாவது வீடு கிடைச்சதே? போன முறையும் அந்த வாச்மேன் ‘மாஃபி, மாஃபி’ எண்டு கையை விரிச்சவன்தானே?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரே பிள்ளை என்று சொல்லிக் குடிபுகுந்து, மற்ற இரண்டையும் பிறகு ஆறுதலாக, ஒவ்வொன்றாய் வெளியில் காட்டித்தான் இந்த வீட்டிலேயே காலம் தள்ளுகிறார்கள்.

இப்போது அதற்கும் வந்துவிட்டது ஆபத்து. பிரவீணன் பாண் போடுகிற பேக்கரியை அடுத்த மாதம் மூடுகிறார்கள். வேறு கடையில் வேலை கிடைத்தாலும், குடும்பத்தை வைத்திருக்க விசா தருகிற அளவுக்குச் சம்பளம் கிடைக்காது. கோசலாவும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துக்கு, அவன் பேச்சிலர் ரூமுக்கு. அவ்வளவுதான்.

கடைக்கு வழக்கமாக வருகிற ஸ்பெயின்கார இஞ்சினியர்தான் ஒரு நம்பர் கொடுத்தார். “எங்கள் ஊர் பேக்கரி பூட்டிக் கிடக்கிறது. ஆள் தேடுகிறார்கள். வீடு தருவார்கள், விசா அலுவலும் பார்ப்பார்கள். குடும்பத்தோடு போகலாம். கேட்டுப் பார்.”

மேசையில் நிமிர்த்தி வைத்த கோசலாவின் போனில் அந்த ஊர்த் தலைவி பிலார் தோன்றினாள். அறுபது வயதிருக்கும். பின்னால் நாலைந்து கிழவர்கள். எல்லோரும் ஏனோ குட்டிக் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒழுங்கான கதிரை வாங்கவும் வழியில்லாத ஊரோ?” என்று பிரவீணன் முணுமுணுத்தான். கோசலா அவன் தொடையில் கிள்ளினாள்.

பிலாரின் ஆங்கிலமும் பிரவீணனின் ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே லட்சணம். அதனால் பேச்சு நன்றாகவே ஓடியது.

“விறகுப் போறணையில் பாண் போடத் தெரியுமா?”

“அதில்தான் தொழில் பழகினேன், மேடம்.”

“இங்கே பனி கொட்டும். எங்கள் இளசுகள் எல்லாம் மட்ரிட்டுக்குப் போய்விட்டார்கள். ஊர் சத்தமில்லாமல் கிடக்கும். பரவாயில்லையா?”

“சத்தமில்லாத இடம்தான் எங்களுக்கு விருப்பம், மேடம்!”

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, பிள்ளைகள்?”

வந்ததே கேள்வி! கோசலா முந்திக்கொண்டு, மூத்தவள் தர்மிகாவை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

“ஒன்று. ஒன்றே ஒன்று, மேடம்!”

பிலாரின் முகம் வாடிப்போனது. “ஒன்றுதானா?”

“இஞ்சாருங்கோ, அவைக்கு ஒண்டே கூடிப்போச்சுப் போல கிடக்கு,” என்று கோசலா பதறினாள்.

பிரவீணன் அவசரமாகப் போனுக்குக் கிட்டக் குனிந்தான். “மிகவும் அமைதியான பிள்ளை, மேடம். ஓடாது, கத்தாது. வீட்டில் இருப்பதே தெரியாது!”

நாள் முழுக்கக் கத்துகிற தர்மிகா தகப்பனை அதிசயமாகப் பார்த்தாள்.

பிலார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நல்ல குடும்பமாகத் தெரிகிறீர்கள். ஆனால் எங்களை மன்னிக்க வேண்டும்...”

கோசலாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. இனிப் பிள்ளைகள் அப்பாவைப் போனில் பார்த்தே வளரவேண்டியதுதான்.

“தாடா!” என்று பாத்ரூமுக்குள் ஒரு கத்தல். வாளி உருண்டது. கதவு படாரென்று திறந்தது. போனைத் தூக்கிக்கொண்டு ஏழு வயது நிஷாந்தன் ஓடி வர, ஐந்து வயது அபிஷன் சொட்டச் சொட்ட நனைந்தபடி துரத்தி வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டும் பிலாரின் கண் முன்னாலேயே கட்டிப் புரண்டன.

“அம்மா, இவன் என்னைத் தண்ணிக்குள்ளை தள்ளிப்போட்டான்!”

முடிந்தது கதை. பிரவீணன் தலையில் கை வைத்தான். கோசலா போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பொய் சொல்லிவிட்டோம், மேடம். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று என்றால் யாரும் சேர்க்க மாட்டார்கள். அதுதான்...”

அந்தப் பக்கம் ஒரு கிழவர் விரல் விட்டு என்னவோ எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு துள்ளி எழுந்தார். குட்டிக் கதிரையும் அவரோடு ஒட்டிக்கொண்டே எழுந்தது. அதோடேயே ஜன்னலுக்கு ஓடித் தெருவைப் பார்த்து ஏதோ கத்தினார். கொஞ்ச நேரத்தில் மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

பிலார் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “ஐந்து பிள்ளைகளாவது இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு எங்கள் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். ஊரில் இருப்பது இரண்டே இரண்டு. நாங்கள் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய வகுப்பறையில்தான்!”

பிரவீணன் திகைத்துப்போனான். “அப்போ... பேக்கரிக்கு ஆள் தேடவில்லையா, மேடம்?”

“பாண் பக்கத்து டவுனிலிருந்து தினமும் வண்டியில் வந்துவிடும்,” என்றாள் பிலார். “பிள்ளைகள்தான் வருவதில்லை.”