அனுமதி மறுக்கப்பட்டது

மனைவி பேசி மூன்று நாள் ஆகியிருந்தது. கணவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

“புது சாஃப்ட்வேர் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகமாட்டேங்குது. பதினோரு மணிக்கு மீட்டிங். கொஞ்சம் பாரேன்.”

அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். “ஆபீஸ்ல யாருமே இல்லையாமா?”

“எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் சிவப்பு எழுத்து: அனுமதி மறுக்கப்பட்டது.

“இந்த ஃபோல்டர்ல எழுத அனுமதி இல்ல. நேத்து இருந்துச்சா?”

“இருந்துச்சு. திடீர்னு என்ன ஆச்சோ.”

“என்னைக் கேட்டா? எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்களே.”

“அது வாய் தவறி வந்தது.”

“அரை மணி நேரமாவா வாய் தவறும்?”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

முன்பு அடித்த கட்டளையைத் திரும்பக் கொண்டுவர, அவள் மேல் அம்புக்குறியை அழுத்தினாள். இரண்டாவது அழுத்தலில் விரல் நின்றது. அந்த ஃபோல்டரின் அனுமதியை நீக்கும் கட்டளை அங்கே இருந்தது. அன்று காலை அவனே அடித்தது.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

“மீட்டிங்?”

“அதுவும் இல்ல.”

“அடுத்த தடவை கமாண்ட் ஹிஸ்டரியை அழிச்சுட்டு என்னைக் கூப்பிடுங்க” என்றாள்.