பிடி விட்டது

“சீனி, இன்னைக்கு நீயே ஷேவ் பண்ணி விடு” என்றான் வெங்கிடாசலம். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் குரல் வெறும் காற்றாகத்தான் வரும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை. சீனியம்மாள் சாயாவை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தாள்.

அவன் கழுத்தைத் தடவிப் பார்க்க அவள் ஒரு சாக்குத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். தூக்கத்தில் தொடப்போனால் புரண்டு படுத்துவிடுவான்.

எல்லாம் எர்ணாகுளத்து டாக்டரம்மா சொன்னதிலிருந்து.

தொண்டையில் இருந்ததை எடுத்தாயிற்று, ஆனாலும் கழுத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கணும் என்றாள் அவள். உடம்பில் செல்கள் பசை போட்டதுபோல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்குமாம். புற்று வந்த செல்லுக்கு அந்தப் பிடி விட்டுப்போகும். விட்டது நகரும். போதாததற்கு, புண்ணை ஆற்றவென்று உடம்பு சுரக்கிற சைட்டோகைன் என்ற ஒன்றே அதற்கு வழிகாட்டும். பெரும்பாலும் முதலில் போய் இறங்குவது கழுத்தில், நெறி கட்டுகிற இடத்தில்.

“நம்ம உடம்பேவா?” என்று கேட்டாள் சீனியம்மாள்.

டாக்டரம்மா தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வெளியிலிருந்து வருவதென்றால் கதவைச் சாத்தலாம்.

சோப்பு நுரையைத் தடவி, இரண்டு கன்னத்தையும் மழித்தாள். பின்னால் குடோனில் சுக்கு மூட்டை இறக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

இடப்பக்கம் ஆபரேஷன் தழும்பு. அவளுடைய பயமெல்லாம் அந்தப் பக்கம்தான்.

நுரையைத் துடைக்கிற பாவனையில் தழும்பின் ஓரமாக விரலை ஓட்டினாள். தாடைக்குக் கீழே. காதுக்குப் பின்னால். தோள் குழி வரைக்கும்.

ஒன்றுமில்லை.

மறுபடியும் ஓட்டினாள். ஒன்றுமே இல்லை.

பகவதியை மனசுக்குள் கும்பிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

“முடிஞ்சுதுங்க, எந்திரிங்க. சாயா ஆறுது.”

அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடியே அவள் ஈர விரலைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுபோனான். காதுக்குக் கீழே ஓர் இடத்தில் வைத்து அழுத்தினான்.

கல்போல ஒன்று. அசையவில்லை.

“எனக்குச் சொல்ல வாய் வரலை, சீனி.”