சிமென்ட் அன்னங்கள்

"குழந்தைங்க வார்டு ஒழுகுது. உங்களுக்கு இசை நீரூற்று கேக்குதா?"

குழுத் தலைவர் மேசையைத் தட்டிய தட்டில் முந்திரித் தட்டு நகர்ந்தது. அது தன் பக்கமாகவே நகரும்படி அருகிலிருந்த உறுப்பினர் பார்த்துக்கொண்டார்.

அரசு மருத்துவமனையின் வரவு செலவை ஆராய வந்திருந்த நாடாளுமன்றக் குழு அது. எதிரே, தலையைக் குனிந்தபடி தலைமை மருத்துவர். அவருக்குப் பின்னால், கூரையின் நிலையைச் சொல்ல அழைத்து வரப்பட்டிருந்த குழந்தைகள் வார்டு நர்ஸ். சுவரோரம் நிருபர்கள்.

"அந்தப் படத்தைக் காட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

தலைமை மருத்துவர் விரித்துப் பிடித்தார். வண்ண விளக்குகள், பாட்டுக்கேற்ப எழும்பும் தண்ணீர், நடுவில் இரண்டு சிமென்ட் அன்னங்கள். படத்தின் ஓரங்கள் ஏனோ நைந்திருந்தன.

"ஊசி போட்டுக்கிட்டு வர்றவங்க அன்னம் பாக்கணுமாக்கும்!"

"ஏம்மா, அந்த அன்னம் நீந்துமா?" என்று தலைமை மருத்துவரைக் கேட்டார் முந்திரி உறுப்பினர்.

"இல்லைங்க ஐயா. சும்மா நிக்கும்."

"சும்மா நிக்கிறதுக்கா இவ்வளவு செலவு?"

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மூன்றாம் உறுப்பினர் விழித்து, "வெட்கக்கேடு!" என்றார். எது வெட்கக்கேடு என்பதைப் பிறகு பக்கத்தில் விசாரித்துக்கொண்டார். அவைக் குறிப்பில் இதெல்லாம் 'விரிவான விவாதம்' என்று பதிவாகும்.

தலைவர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. மழை வந்தா என்ன பண்றீங்க?"

"கட்டிலையெல்லாம் சுவரோரமா இழுத்துப் போட்டுட்டு, நடுவுல வாளி வைப்போங்க. போன மழையில ஒரு குழந்தையோட ஆக்சிஜன் மெஷின் மேலயே கொட்டிருச்சு."

"கேட்டீங்களா? வார்டுக்குள்ளயே நீரூற்று இருக்கு. வெளியில இன்னொண்ணாம்!"

நிருபர்கள் சிரித்தார்கள். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்பதற்கும் ஓர் ஆள் இருக்கிறார்!

தலைவர் எழுந்தார். கேமராக்களும் எழுந்தன.

"மக்கள் பணம் அன்னத்துக்குப் போகாது. நீரூற்று ரத்து!"

பேனாவால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். சரியாகப் படம் விழவில்லை என்று ஒரு நிருபர் சொன்னதால் இன்னொரு கோடு.

"வேற என்ன இருக்கு?"

"கூரைங்க ஐயா. வார்டோட மிச்சப் பாதிக்கு."

"அது நடக்கட்டும்." படிக்காமலே கையெழுத்து.

தாழ்வாரத்துக்கு வந்ததும் நர்ஸ் வழிமறித்தார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. உங்களை நான் என்னமோன்னு நினைச்சிருந்தேன். நாங்க வாளியைத் தூக்கிக்கிட்டு அலையறோம், நீங்க அன்னத்துக்கு விளக்குப் போடறீங்க. அவர் கேட்டதுல என்ன தப்பு? எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு."

தலைமை மருத்துவர் படத்தைச் சுருட்டியபடியே கேட்டார்.

"போன வருஷம் நான் என்ன கேட்டேன்?"

"கூரை."

"கூரை மட்டும்தான். வந்தது?"

"பாதிதான் வந்துச்சு. மழை மிச்சப் பாதியாப் பாத்துப் பெய்யுது."

"கேட்டதை அப்படியே கொடுத்துட்டா, குழுன்னு ஒண்ணு எதுக்குன்னு பேப்பர்ல கேப்பாங்களாம். எதையாவது வெட்டியே ஆகணும். கூரையைத் தவிர என்கிட்ட ஒண்ணுமில்லை. அதையே வெட்டினாங்க. மறுநாள், 'வீண்செலவுக்குக் கடிவாளம்'னு தலைப்புச் செய்தி!"

நர்ஸ் அந்தச் சுருளையே பார்த்தார். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ இந்த அன்னம்... வெட்டறதுக்குன்னே வெச்சதா?"

"மெதுவாப் பேசுங்க."

"அடேயப்பா, கெட்டிக்காரிதான் டாக்டர் நீங்க! பாவம் அந்த மனுஷன். இது தெரியாம தொண்டை கிழியக் கத்திட்டுப் போறாரே!"

கதவு திறந்தது. வெளியே வந்த தலைவர், நிருபர்கள் போய்விட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தலைமை மருத்துவரிடம் கையை நீட்டினார்.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா. அந்தப் படத்தைக் குடுத்துடுங்க. நாளைக்கு நூலகத்துலயும் இதையே வெட்டணும்."