மீன் தொட்டிப் பூ – 1

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பூவைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார்.

நான் ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். என் வலது கை தோள் வரை தொட்டிக்குள் இருந்தது.

பூ என்றால் பூவில்லை, கடல் அனிமோன். உயிருள்ளது. பாறை இடுக்கில் பாதத்தை ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக விரிந்து நிற்கும். யாருக்கு எது என்று மாமா எழுதிய பட்டியலில் அதற்கு 'மீன் தொட்டிப் பூ – 1' என்று பெயர். சீர்ப் பாத்திரம், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி.

எனக்கும் ஜவஹருக்கும் முகூர்த்தம் குறித்தவரும் இதே மாமாதான். இன்று பிரிவதற்கும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

தொட்டி எங்கள் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கம் ஜவஹர், போன் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருந்தான். அவன் கை அந்த இடுக்குக்குள் நுழையாது, அதனால்தான் நான். ஆனால் என் பக்கத்திலிருந்து விரிந்த தலைதான் தெரியும். பாதம் அவன் பக்கம். நான் அதைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இழுக்கக் கூடாது. இழுத்தால் பாதம் கிழியும். கிழிந்து செத்தால் தண்ணீர் கெட்டு, தொட்டியில் இருக்கும் மற்றதெல்லாம் சேர்ந்து போகும். நகம் படாமல் விரல் நுனியால் ஓரத்தைத் தடவித் தடவி, அதுவாக விடும் வரை காத்திருக்க வேண்டும்.

அலை மோட்டாரை நிறுத்தியிருந்தோம். ஒட்டியிருக்கும் அனிமோனை மோட்டார் ஒன்றும் செய்யாது. விட்டு மிதப்பதைத்தான் இழுத்து அரைத்துவிடும். போன வருடம் ஒன்றை அப்படிப் பறிகொடுத்தோம். இரண்டு பேரும் வலையோடு உட்கார்ந்து துண்டு துண்டாகப் பொறுக்கினோம். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அதுதான்.

அனிமோனுக்குள் குடியிருக்கும் ஆரஞ்சு மீன் இரண்டும் என் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டே இருந்தன. அதுகளுக்கு நான் திருடி.

ஜவஹர் பிரிட்ஜ் கேட்கவில்லை, டிவி கேட்கவில்லை. அனிமோன் மட்டும் போதும் என்றான். என்ன பெருந்தன்மை என்று மாமா மெச்சிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை தவறாமல் இறால் துண்டை இடுக்கியில் பிடித்து ஊட்டியவள் நான்.

அவன் தனியாகக் குடிபோன வடபழனி வீட்டில் தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டேன்.

மூன்று வாரம் என்றான்.

ஆறு மாதமாவது ஓடி, தண்ணீர் பக்குவப்பட்ட தொட்டியில்தான் அனிமோன் தங்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். யோசித்துப் பார்க்கச் சொல்லிக் கோர்ட்டில் எங்களுக்குக் கொடுத்ததும் ஆறு மாதம்தான். அதில் நாலு போய்விட்டது.

தெரிந்தே கொண்டுபோய்ச் சாகடிக்கப் போகிறானா? என்னிடம் இருக்கக் கூடாது என்பதற்காகவா? டார்ச் வெளிச்சத்தில் கண் கூசியது. அவன் முகம் தெரியவில்லை.

நாலு பத்துக்கு மாமா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். கத்தி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் கை அசைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

கீழே உஸ்மான் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தோள்பட்டை கடுத்தது. முழங்கைப் பக்கம் அனிமோன் பட்ட இடமெல்லாம் அரித்தது. விரல்கள் மரத்துப்போயின. அவற்றைத் தளர்த்தினால் எல்லாம் போச்சு.

நாலு இருபது. மாமா வாட்ச்சைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னும் விடலை மாமா,” என்றேன்.

டார்ச் வெளிச்சம் ஒரு முறை அசைந்து பழையபடி நின்றது. அவசரப்படுத்தினால் கிழிந்துவிடும், அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஜவஹர்தான் மாமாவிடம் சொன்னான்.

மாமாவுக்கு மனசே இல்லை. ஆனால் ராகு காலம் பிறப்பதற்குள் அவரும் வாசல் தாண்ட வேண்டுமே. 'பூ – 1'க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு லிஃப்டைப் பார்த்து ஓடினார்.

நான் கையை மெதுவாக வெளியே எடுத்தேன். எடுப்பதற்கு முன் அனிமோனைப் பாறை இடுக்குக்குள் நன்றாகச் செருகிவிட்டுத்தான் எடுத்தேன்.

அது நாலு பத்துக்கே விட்டுவிட்டது. மொத்தப் பாதமும் கழன்று என் விரலுக்குள் வந்துவிட்டது. அப்போதிலிருந்து அதைப் பாறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். யாருக்கும் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜவஹர் டார்ச்சை அணைத்து போனைப் பையில் போட்டான். காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

“மோட்டாரை உடனே போட்டுடாத, நீரஜா. அது முதல்ல ஒட்டிக்கட்டும்.”