போஸ்டர் தின்ற வெள்ளாடு

தேர்தல் நேரம். சந்தைச் சுவரில் புதிதாக ஒட்டிய போஸ்டரில் தலைவர் கும்பிட்டபடி நின்றார். 'இனி இந்த ஊரில் பசியே இருக்காது' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வெள்ளாடு ஒன்று, "இவரை நம்பலாமா?" என்று சுவரைக் கேட்டது.

"போன தேர்தல்லயும் இதேதான் சொன்னாரு. வேணும்னா அடியில பாரு," என்றது சுவர்.

ஆடு மேல் போஸ்டரைக் கிழித்துத் தின்றது. அடியில் அதே தலைவர், அதே கும்பிடு, அதே வாக்குறுதி. கொடி மட்டும் வேறு. மைதாப் பசையோடு அதையும் தின்று ஏப்பம் விட்டது.

"கொடி மாறினாலும் ருசி மாறல. மனுஷன் சொன்னதைச் செஞ்சுட்டாரு, எனக்குப் பசி போயிடுச்சு."

"அப்போ ஊர் ஜனங்களுக்கு?"

"அவங்களை யாரு நின்னு படிக்கச் சொன்னது?" என்றது ஆடு.