ஹாரோ

சனிக்கிழமை காலை அடீல் என் பொக்லைனுக்கு முன்னால் வந்து சேற்றில் மண்டியிட்டாள். இரண்டு சாட்சிகளையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

“ஹாரோ! ஹாரோ! ஹாரோ! பிரபுவே, காப்பாத்துங்க, எனக்கு அநியாயம் நடக்குது!”

எங்கள் கர்ன்சித் தீவின் பழைய சட்டப்படி, இரண்டு சாட்சிகள் முன்னால் இந்தக் கூப்பாடு எழுந்தால், கோர்ட் சொல்லும்வரை வேலை அப்படியே நிற்க வேண்டும். என்ஜினை அணைத்தேன்.

“அடீல், நான் சொல்றதைக் கொஞ்சம்...” என்று ஓடி வந்தார் பக்கத்து நிலத்துக்காரர் டோரோட். இருவருக்கும் பத்து வருடமாகப் பேச்சு இல்லை.

“என் வேலியோரமா வாய்க்கால் வெட்டி எல்லையைத் தள்ளப் பாக்குறீங்களா? எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை கோர்ட்டுல சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு பிடி மண்ணு நகரக் கூடாது. இந்தத் தடையை நானே நினைச்சாலும் எடுக்க முடியாது, தெரியும்ல?”

டோரோட் மேட்டிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தார்.

“அப்பாடா!” என்று முழங்காலைத் துடைத்தாள் அடீல்.

“என்னம்மா அப்பாடா?” என்றேன். “நாளைக்குப் பௌர்ணமி, கடல் ஏறும். கரைச்சுவர் விரிஞ்சு கிடக்கு. அரசாங்கம் அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடுச்சு. தண்ணி உங்க வீட்டுக்குள்ள போகாம திருப்பி விடத்தான் டோரோட் தன்னோட நிலத்தையே வெட்டச் சொன்னார்.”

அவள் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்ப வெட்டுப்பா! சீக்கிரம் வெட்டு!”

சாவியை நோக்கிப் போன என் கை, அந்த இரண்டு சாட்சிகளையும் பார்த்ததும் நின்றது.

“நீங்களே நினைச்சாலும் முடியாதும்மா.”